இழையின் பெயரையும் எழுதுங்கள்

பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடிக்கும், லேமினேஷன் போடும், ஸ்லிட்டிங் செய்யும், பை வெட்டும் ஆலைகளின் முதலாளிகளுக்கும், பர்சேஸ் பார்ப்பவர்களுக்கும், பராமரிப்புத் தோழர்களுக்கும் ஒரு திறந்த மடல்



பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் சிவகாசியானாலும் கோவையானாலும் ஓசூரானாலும் நம் ஆலைகளில் ஒரே புகார் பல உருவங்களில் வரும். ரீவைண்டரில் நிற்பவர் ஷாக் அடிக்கிறது என்பார். பை வெட்டும் மெஷினில் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடுக்கு கலையும். அச்சில் தூசி ஏறும். மையின் விளிம்பு மயிரிழையாகப் பிசிறும். எல்லாவற்றுக்கும் காரணம் ஸ்டேட்டிக்தான். எல்லாவற்றுக்கும் நாம் செய்யும் வைத்தியமும் ஒன்றுதான்: கடையில் கிடைக்கும் ஆன்டிஸ்டேட்டிக் பிரஷ் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது. அது என்ன இழையால் ஆனது என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல். இதே மெஷின்களுக்கு நடுவில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், ஷாக் அடிப்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. மின்னேற்றத்தைச் சேர்த்து வைப்பதில் மனித உடல் ஏறத்தாழ 150 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டருக்குச் சமம். விரல் நுனியில் சுருக்கென்று உணர்வதற்கே உடலில் சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். இரண்டையும் வைத்துப் பார்த்தால் அந்தப் பொறியில் வெளியாகும் ஆற்றல் சுமார் 0.7 மில்லிஜூல். கிரேவியூர் மையில் கலக்கும் டொலுயீனின் ஆவி காற்றோடு பற்றக்கூடிய அளவில் கலந்திருந்தால், அதற்குத் தீ வைக்க 0.24 மில்லிஜூல் போதும். எத்தில் அசிடேட்டுக்கு 0.46. “லேசாத்தான் அடிச்சுது” என்று ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே சொல்லும் அந்தப் பொறிக்கே சால்வென்ட் ஆவியைக் கொளுத்தும் சக்தி உண்டு. ஆகவே பிரஷ் வாங்குவது தரத்தைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை, உயிரைப் பற்றிய விஷயமும்கூட.

பிரஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இழையைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி. பிஓபிபி, பாலியஸ்டர், பாலிதீன் எல்லாமே மின்சாரம் கடத்தாத பொருள்கள். ரோலிலிருந்து ஃபிலிம் உரியும்போதும், ரப்பர் ரோலரைத் தொட்டுப் பிரியும்போதும் அதன்மேல் மின்னேற்றம் உட்காருகிறது. உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. அதனால் ஃபிலிமை ஓரிடத்தில் எர்த் செய்துவிட்டால் எல்லாம் வடிந்துவிடும் என்ற நினைப்பு பலிக்காது. ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் மின்னேற்றத்தை அங்கேயே போய்ச் சமன்செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்வது காற்றில் உண்டாகும் அயனிகள்.

அயனியை உண்டாக்குவது கூர்முனை. தட்டையான இரண்டு பரப்புகளுக்கு நடுவில் காற்று உடைய ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். ஆனால் எர்த் செய்த மெல்லிய முனை ஒன்றை மின்னேறிய ஃபிலிமுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், மின்புலம் முழுவதும் அந்த முனையில் குவிந்து, அதைவிட மிகக் குறைந்த வோல்ட்டிலேயே அங்கே காற்று அயனியாகிவிடும். எதிர் மின்னேற்றம் கொண்ட அயனிகள் ஃபிலிமுக்குப் போகும், மற்றவை பிரஷ் வழியாக எர்த்துக்கு இறங்கும். கூர்முனைக்கு மின்னேற்றத்தைச் சத்தமில்லாமல் இழுக்கும் குணம் உண்டு என்பதை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1747ஆம் ஆண்டிலேயே லண்டனில் இருந்த பீட்டர் காலின்சனுக்குக் கடிதமாக எழுதினார். பிறகு அதுவே இடிதாங்கியானது. நாம் மாட்டும் பிரஷ், ஆயிரக்கணக்கான குட்டி இடிதாங்கிகளை ஒரு வரிசையில் நிறுத்திய கருவி. கரண்ட் இணைப்பு தேவையில்லை. ஃபிலிமில் இருக்கும் மின்னேற்றமே அதை இயக்குகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைந்த வோல்ட்டில் பிரஷ் வேலையைத் தொடங்கும். இரண்டு, அந்தத் தொடக்க வோல்ட்டுக்குக் கீழே பிரஷ் நின்றுவிடும். ஃபிலிமில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். அந்த மிச்சமும் கூடாது என்கிற இடத்தில் கரண்டில் ஓடும் அயனைசர் பார்தான் வழி. பிரஷிடம் அதை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

இப்போது இழைகளுக்கு வருவோம்.

நம் ஆலைகளில் ரொம்ப நாளாகப் புழங்குவது செம்புச் சரிகை, டின்சல் என்பார்கள். விலை குறைவு. தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, ஃபிலிமைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் ஓரளவு வேலை செய்யும். ஆனால் தகடு கசங்கும், துணுக்காக உதிரும், மை படிந்தால் மழுங்கும். அவசரத்துக்கு ஆகும், நிரந்தரமாக நம்புவதற்கு ஆகாது.

அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழை. பெல்ஜியத்தின் பெகார்ட் போன்ற நிறுவனங்கள் 8 மைக்ரான், 12 மைக்ரான் அளவுக்கு மெல்லியதாக இழுத்துத் தருகின்றன. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். நன்றாகக் கடத்தும், சூட்டைத் தாங்கும், சால்வென்ட்டுக்கு அசையாது. பை சீல் செய்யும் சூடான பாருக்குப் பக்கத்தில் நைலான் இழை இளகும், ஸ்டீல் நிற்கும். இதன் குறை, வளைந்தால் வளைந்தபடியே இருப்பது. துடைக்கும்போது கை தவறி அழுத்திவிட்டால் அந்த இடத்தில் முனைகள் மடிந்துவிடும். பிறகு அங்கே பிரஷ் இருந்தும் இல்லாததுதான்.

மூன்றாவது கார்பன் ஃபைபர். ஒரு இழை 7 மைக்ரான் அளவுதான் இருக்கும். இத்தனை மெல்லிய முனை இருப்பதால் குறைந்த வோல்ட்டிலேயே அயனியாக்கத் தொடங்கும். லேசாக வளைத்து விட்டால் நிமிர்ந்துகொள்ளும். சூடும் சால்வென்ட்டும் இதை ஒன்றும் செய்வதில்லை. தொடாமல் மாட்டும் பிரஷுக்கு என்னுடைய முதல் தேர்வு இதுதான். ஆனால் கூர்மையாக மடித்தால் கார்பன் முறியும், முறிந்த துணுக்கும் மின்சாரம் கடத்தும். டிரைவ் பேனலின் கதவைத் திறந்து போட்டிருக்கும் ஆலையில், அதன் நேர்மேலே கார்பன் பிரஷ் மாட்டுவது ஷார்ட் சர்க்யூட்டுக்கு விடும் அழைப்பு. உணவுப் பொட்டல ஃபிலிமில், உணவைத் தொடும் பக்கத்தில் கார்பனோ ஸ்டீலோ உரசவே கூடாது. இவ்வளவு மெல்லிய துணுக்கு மெட்டல் டிடெக்டரில் சிக்காது. அச்சுப் பக்கம் பார்த்து, தொடாமல் மாட்டுங்கள்.

நான்காவது, அக்ரிலிக் அல்லது நைலான் இழையின்மேல் செம்பு சல்ஃபைடை வேதிமுறையில் பிணைத்த வகை. ஜப்பானில் நிஹோன் சான்மோ நிறுவனம் தரும் தண்டரான் இந்த வகையில் பெயர் பெற்றது. கொஞ்சம் பச்சை கலந்த பழுப்பாக, தொட்டால் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். வெறும் பூச்சு உதிர்வதுபோல இது உதிராது. ஃபிலிமைத் தொட வேண்டிய இடத்தில், கீறல் விழக் கூடாத இடத்தில், இதற்கு ஈடு குறைவு. ஆனாலும் கடத்தும் படலம் மிக மெல்லியது. மாதக்கணக்கில் அழுத்தி உரசினால் தேயும். அமிலம் கலந்த கிளீனரால் துடைத்தால் சீக்கிரமே கெடும். லேசாகத் தொட விடுங்கள், அழுத்த விடாதீர்கள்.

வெள்ளி பூசிய நைலான் இவை எல்லாவற்றையும் போல நன்றாகக் கடத்தும், மென்மையும் உண்டு. விலை அதிகம், உரசலில் பூச்சு தேயும், கந்தகம் பட்டால் கறுக்கும். ஃபிலிம் ஓட்டத்துக்கு இவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

கடைசியாக, கார்பன் தூள் கலந்த நைலான். இங்கேதான் கேள்வி கேட்டே ஆக வேண்டும். கார்பன் இழையின் மேற்பரப்பில் இருக்கிறதா, நடுவில் தண்டாக ஓடுகிறதா? நடுவில் ஓடும் இழைகள் கம்பள விரிப்பில் நடக்கும்போது ஷாக் அடிக்காமல் இருக்கவென்று வந்தவை. அவற்றைச் சுற்றி சாதாரண நைலான் உறையாக இருக்கும். அதைப் பிரஷாகக் கட்டினால் வெட்டுமுனையில் மட்டும்தான் கார்பன் வெளியே தெரியும். ஹோல்டர் இழையைப் பிடிக்கும் இடத்தில் உறை குறுக்கே நிற்கும். மேற்பரப்பில் கார்பன் ஏற்றிய இழையென்றால் அந்தத் தொல்லை இல்லை. இந்த வகையில் 100 மைக்ரானுக்கு மேல் தடித்த கம்பிகளும் வரும். சர்க்யூட் போர்டைக் கையால் துடைக்கும் பிரஷுக்கு அவை பொருத்தம். அங்கே மின்னேற்றம் படாரென்று இறங்கினால் சில்லு கெடும். மெதுவாக இறங்க வேண்டும். 10,000 ஓமுக்கு மேல் 10,000 கோடி ஓமுக்குள் இருக்கும் பொருளை எலெக்ட்ரானிக்ஸ் துறையில் டிசிப்பேட்டிவ் என்று தனியாகப் பிரித்து வைத்திருப்பது அதற்காகத்தான். ஃபிலிமுக்கு அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் ஃபிலிமே மின்னேற்றத்தை ஒட்டுமொத்தமாகக் கைவிடாது. எனவே எலெக்ட்ரானிக்ஸ் கடையில் நல்ல பெயர் வாங்கிய தடித்த பிரஷைக் கொண்டுவந்து ஃபிலிம் மெஷினில் மாட்டுவதில் பயனில்லை.

சாதாரண நைலான் பிரஷும் ஆட்டுமயிர் பிரஷும் வைத்துத் தூசி தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நைலானும் மயிரும் உரசினால் நேர் மின்னேற்றம் பெறும் பக்கம், பாலிப்ரொப்பிலீன் எதிர் மின்னேற்றம் பெறும் பக்கம். பிஓபிபி ஃபிலிமை வெறும் நைலான் பிரஷால் தேய்ப்பது, ஸ்டேட்டிக்கை நாமே தயாரித்துக் கொடுப்பது. தேய்த்த நிமிடம் தூசி போனதுபோலத் தெரியும். அடுத்த நிமிடம் சுற்றியிருக்கும் தூசியெல்லாம் வந்து உட்காரும். ஆட்டுமயிர்தான் வேண்டும் என்றால் இடையிடையே கடத்தும் இழை கலந்து கட்டியதைக் கேளுங்கள். ஆன்டிஸ்டேட்டிக் திரவத்தில் முக்கி எடுத்ததை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் திரவம் காற்றின் ஈரத்தை நம்பி நிற்பது, கழுவினால் போய்விடுவது. ஐப்பசி மழையில் சோதித்துத் தேறிய பிரஷ் பங்குனியில் கைவிடுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

இழை எவ்வளவு நல்லதானாலும் எர்த்துக்கு வழி இல்லையென்றால் எல்லாம் வீண். வீண் மட்டுமில்லை, ஆபத்தும்கூட. எர்த் இல்லாத உலோக ஹோல்டர் மின்னேற்றத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, யாராவது தொட்டதும் ஒரே பொறியாகத் தள்ளிவிடும். பிரஷ் இல்லாத மெஷினே அதைவிடப் பாதுகாப்பானது. இழையைப் பிளாஸ்டிக் கட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தால் அந்தப் பிரஷை வாங்காதீர்கள். அலுமினிய சேனலில் இழையை நெருக்கிப் பிடித்திருக்க வேண்டும். சேனலிலிருந்து தனி வயர் மெஷின் ஃபிரேமுக்குப் போக வேண்டும். ஃபிரேமில் வயர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டியிருக்க வேண்டும். போல்ட் போட்டாயிற்று, அதுவே எர்த்தாகிவிடும் என்று விடாதீர்கள். பவுடர் கோட்டிங் போட்ட பிராக்கெட்டில் போல்ட் நம்மைக் கைவிடும். ஸ்டேட்டிக் இறங்குவதற்கு 10 லட்சம் ஓமுக்குக் கீழே இருந்தால் போதும் என்றாலும், உலோகத்துக்கும் எர்த்துக்கும் நடுவே 10 ஓமுக்கு மேல் காட்டினால் எங்கோ ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

மாட்டும் இடத்தில்தான் நாம் அடிக்கடி தடுக்கி விழுகிறோம். வசதியாக இருக்கிறது என்று ரோலரின்மேல் ஃபிலிம் படிந்து ஓடும் இடத்தில் பிரஷை வைக்கிறோம். ஃபிலிமுக்குப் பின்னால் ஒட்டினாற்போல உலோகம் இருந்தால், மின்புலம் முழுவதும் அந்த உலோகத்தை நோக்கித் திரும்பிவிடும். பிரஷ் முனையில் குவிய ஒன்றும் மிஞ்சாது. ரோலரைவிட்டுத் தள்ளி, இரண்டு ரோலர்களுக்கு நடுவே ஃபிலிம் காற்றில் ஓடும் இடத்தில், பின்புறம் வெட்டவெளியாக இருக்கும்படி மாட்டுங்கள். தொடாத பிரஷானால் 2 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி. நிப் ரோலரைத் தாண்டியதும் மின்னேற்றம் மறுபடி பிறக்கும். அன்வைண்டரில் ஒன்று மாட்டிவிட்டு ரீவைண்டர்வரை அது காக்கும் என்று இருக்க முடியாது. இழைகள் அடர்ந்திருந்தால் நல்லது என்ற எண்ணமும் தூசி தட்டும் பிரஷுக்குத்தான் சரி. தொடாத பிரஷில் முனைகள் நெருங்கி நின்றால் ஒன்றின் மின்புலத்தை இன்னொன்று மறைக்கும். சிறுசிறு கற்றைகளாக, இடைவெளிவிட்டு நிற்பதே நன்றாக வேலை செய்யும்.

பிரஷ் கெட்டுவிட்டதா என்று பார்க்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: அச்சின் புள்ளியைப் பார்க்கும் லூப். மெஷினை நிறுத்தி, ஆவியெல்லாம் வெளியேறிய பிறகு, பிரஷைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து லூப்பில் பாருங்கள். புதிய கார்பன் இழைகள் தனித்தனியாக, நேராக, முனை வெட்டினாற்போல நிற்கும். சில மாதம் ஓடிய பிரஷில் மைத்தூவல் படிந்து பத்து இருபது இழைகள் ஒரே கட்டியாக ஒட்டியிருக்கும். கட்டியின் நுனி உருண்டையாக இருக்கும். 7 மைக்ரான் முனைக்குக் கொடுத்த விலை அங்கே போயிற்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நார் உதிராத துணியால் இழையின் போக்கிலேயே துடைத்தால் பெரும்பாலும் பிரியும். முறிந்தவையும் மடிந்தவையும் நிறைய இருந்தால் மாற்றுங்கள்.

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தவும் வேண்டாம். ஒரு ஃபீல்டு மீட்டர் வாங்கி வையுங்கள். அதில் எழுதியிருக்கும் தூரத்தில் பிடித்து, ஃபிலிம் காற்றில் ஓடும் இடத்தில், பிரஷுக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுங்கள். முன்னால் 20 கிலோவோல்ட், பின்னால் 3 என்றால் பிரஷ் வேலை செய்கிறது. பின்னால் 17 என்றால் எர்த்தையும் இடத்தையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் இழையை மாற்றுங்கள். அளவோடு அன்றைய காற்றின் ஈரப்பதத்தையும் குறித்து வையுங்கள். அது இல்லாமல் மழைக்கால அளவையும் வெயில்கால அளவையும் ஒப்பிட முடியாது.

பர்சேஸ் பார்க்கும் நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இன்டென்ட்டில் “ஆன்டிஸ்டேட்டிக் பிரஷ், 1 மீட்டர்” என்று எழுதி அனுப்பினால், எது மலிவோ அது வரும். அதன் கீழே ஆறு விவரங்கள் சேருங்கள்: இழை எந்தப் பொருள், இழையின் பருமன் எத்தனை மைக்ரான், கடத்தும் பொருள் மேற்பரப்பிலா நடுவிலா, ஹோல்டர் எந்த உலோகம், எர்த் டெர்மினல் உண்டா, ஃபிலிமைத் தொடுவதா தொடாததா. பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். சரக்கு வந்ததும் பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டு, இழை முனையைச் சுத்தமான உலோகத் தகட்டில் அழுத்தி, தகட்டுக்கும் எர்த் டெர்மினலுக்கும் நடுவே மின்தடையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீலுக்கும் கார்பனுக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். மற்ற இழைகளுக்கு 100 வோல்ட்டில் அளக்கும் மீட்டர் வேண்டும். பிறகு வெள்ளைத் தாளின்மேல் பிரஷைத் தட்டி, உதிர்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்புத் தோழர்களே, எண்ணெய் போடுவதற்கும் பெல்ட் பார்ப்பதற்கும் இருக்கும் அட்டவணையில் பிரஷுக்கும் எர்த் வயருக்கும் ஒரு வரி சேருங்கள். வெல்டிங் செய்யும்போதும் ரோலர் மாற்றும்போதும் கழற்றிய எர்த் வயரைத் திரும்ப மாட்டியதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். சால்வென்ட் புழங்கும் இடத்தில் புதிதாக எதை மாட்டுவதானாலும், அந்தப் பகுதியின் தீப்பாதுகாப்புக்குப் பொறுப்பானவரைக் கேட்ட பிறகே மாட்டுங்கள்.

முதலாளிகளே, நல்ல இழைக்கும் சாதாரண இழைக்கும் உள்ள விலை வித்தியாசம், ஒட்டிப்போய்த் தள்ளுபடியாகும் ஒரு ரோலின் விலைக்கு முன்னால் பெரிதாகத் தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்றை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ரீவைண்டரில் நிற்பவர் ஷாக் அடிக்கிறது என்று சொன்னால், “ரப்பர் செருப்புப் போட்டுக்கோ” என்று அனுப்பிவிடாதீர்கள். ரப்பர் செருப்பு அவர் உடலில் ஏறிய மின்னேற்றத்தை இறங்கவிடாமல் அடைத்து வைக்கும். அவர் சொன்ன நேரத்தையும் மெஷினையும் இடத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே அந்த இடத்தில் ஃபீல்டு மீட்டரைப் பிடித்துப் பாருங்கள். ஸ்டேட்டிக்கை அளக்க நம் ஆலையில் முதலில் இருப்பது அந்தத் தொழிலாளியின் விரல் நுனி. அதை அளவுக்கருவியாக விட்டு வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இழையைப் பற்றி இத்தனை கேள்விகள் கேட்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஃபிலிம் மெஷின்களில் பராமரிப்பு வேலை பார்க்கும் உங்கள் சக தொழிலாளி